அனுப்ப மூன்று கை

சிகாகோ
12 பிப்ரவரி 1917

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் உடம்பு நன்றாக இருக்கிறது. மூக்கை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்; இந்த ஊர்க் குளிரில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கோவேறு கழுதை பழைய குணத்தோடுதானே இருக்கிறது?

இறைச்சித் தொழிற்சாலையில் என்னைப் பன்றிக்கொழுப்பு டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். குடல் கழுவியதைவிட இது ராஜ உத்தியோகம். பக்கத்தில் நிற்பவள் வாண்டா என்ற போலந்துக்காரி. அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. மேஸ்திரியைத் திட்டும்போது மட்டும் இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்துவிடுகிறது.

அப்பா, ஒரு செய்தி. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் க்ளெமென்ட் ஹார்க்ரோவ் என்பவர் என்னைக் கேட்டார். நானும் சரி என்றுவிட்டேன். ஜூன் 23, சனிக்கிழமை, அவர்கள் சபையில் கல்யாணம். கல்லில் கட்டிய பெரிய கோயில், தரையெல்லாம் கம்பளம். அவருடைய அம்மா நம்மைப் போலக் கறுப்பு நிறம்தான் என்றாலும் இந்த ஊரிலேயே பிறந்தவர். தெற்கேயிருந்து மூட்டையோடு வந்து இறங்கும் நம்மவர்களைப் பார்த்தால், வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்ப்பது போலப் பார்ப்பார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “ஞானஸ்நானம் வாங்கினேன்னு வர்ற பொண்ணுங்க எல்லாருந்தான் சொல்லுதுங்க. சபைக் கடிதம் இருக்காம்மா?”

நம் சின்ன சாரோன் சபை என்னை முறைப்படி விடுவித்து, நல்ல நிலையில் இருக்கும் அங்கத்தினள் என்று எழுதித் தந்தால்தான் இங்கே என்னைச் சேர்ப்பார்கள். சேர்த்தால்தான் அந்தக் கோயிலில் கல்யாணம். சபை எழுத்தர் நீங்கள்தானே அப்பா, சீக்கிரம் அனுப்பிவையுங்கள்.

நம் சபைப் பெரியவள் சகோதரி ஹெஸ்டருக்கு என் ஸ்தோத்திரம் சொல்லவும்.

உங்கள் மகள்,
ஒடெசா


பர்டன்ஸ் க்ரீக், மிசிசிப்பி
5 மார்ச் 1917

அருமை மகள் ஒடெசாவுக்கு,

அப்பன் லூஷியஸ் கேதர் எழுதுவது. நீ சுகம் என்று படித்து மனசு குளிர்ந்தேன். மூக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அது உன் அம்மாவுடைய மூக்கு. என்னுடையது வாய்த்திருந்தால் கல்யாணப் பேச்சே எழுந்திருக்காது. என் முழங்கால் மழையைப் பஞ்சாங்கத்தைவிடச் சரியாகச் சொல்கிறது. கோவேறு கழுதை நலம். என்னை மட்டும் மதிப்பதில்லை.

மாப்பிள்ளைக்குத் தபாலில் வேலை என்றால் என் கையெழுத்தைப் பார்த்து ஏற்கெனவே சிரித்திருப்பார். அவரிடம் சொல்லிவை: நான்காம் வகுப்பில் பருத்தி எடுக்கப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், அப்புறம் திறக்க மறந்துவிட்டார்கள். என்னைச் சபை எழுத்தர் ஆக்கியது என் படிப்புக்காக இல்லை. எனக்கு முன்பிருந்தவர் எழுதியதை அவராலேயே படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். டீக்கன் என்ற உதவி ஊழியப் பதவியும் அப்படித்தான். காணிக்கைத் தட்டோடு நான் நடந்தால் என் ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ் போடும் கிறீச்சில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்கிறார்கள். அதுதான் என் ஊழியம் என்கிறார் போதகர் பீஸ்லி.

கடித விஷயம். தூக்கி அனுப்ப அது காராமணி மூட்டை இல்லையே, மகளே. மாதத்தின் முதல் சனிக்கிழமை சபை கூட வேண்டும். ஒருவர் முன்மொழிந்து கை தூக்க வேண்டும், ஒருவர் வழிமொழிந்து கை தூக்க வேண்டும், கடைசியாகத் தலைமை தாங்குகிறவர் கை தூக்க வேண்டும். மூன்று கை. சொந்தக்காரன் முன்மொழியவோ வழிமொழியவோ கூடாது. தனக்குக் கடிதம் கேட்கிறவர் கையே தூக்கக் கூடாது. இந்த மாதம் ஓடையில் வெள்ளம். உன் விஷயத்தை எடுக்க முடியவில்லை.

அவசரம் என்ன? அங்கே குளிர் அதிகம் என்கிறாய். உன் கட்டிலில் காராமணி மூட்டையை வைத்திருக்கிறேன். எடுக்க ஒரு நிமிஷம் போதும். சும்மா சொல்லிவைத்தேன்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பன்


சிகாகோ
20 மார்ச் 1917

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் அனுப்பிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு வந்தது. வாண்டாவுக்கும் ஒன்று கொடுத்தேன். சோப்பு என்று நினைத்து முகர்ந்து பார்த்தாள்.

போன ஞாயிறு க்ளெமென்ட்டின் கோயிலுக்குப் போனேன். போதகர் சாந்தமாக, வக்கீல் மாதிரி பிரசங்கம் செய்தார். சிலுவையைப் பற்றிச் சொன்ன இடத்தில் நான் வாய் தவறி, நம் ஊர்க் குரலில் “ஆமென்!” என்றுவிட்டேன். உடனே வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் ஓடிவந்து, எனக்கு மயக்கமோ என்று ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். வேறென்ன செய்ய? திருமதி ஹார்க்ரோவ் விசிறியால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதனால்தான் கடிதம் முக்கியம் அப்பா. அது வந்தால் நான் மயக்கக்காரி இல்லை, சபைக்காரி என்று தெரியும். ஏப்ரல் கூட்டத்தில் கட்டாயம் எடுங்கள். ஓடையை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் மகள்,
ஒடெசா


பர்டன்ஸ் க்ரீக்
9 ஏப்ரல் 1917

அருமை மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், எண்ணிக்கை மட்டும் குறைவு. உன் சுகத்தை உடனே எழுது.

உன் கடித விஷயம் கூட்டத்துக்கு வந்தது. ஆனால் ஒரு சிக்கல். மூன்று வருஷத்துக்கு முன் அறுவடை விருந்தில் நீ பிடில் சத்தத்துக்குக் கால் ஆட்டினாயாம். அதற்கு நீ சபைமுன் வருத்தம் தெரிவிக்கவே இல்லையாம். சகோதரி ஹெஸ்டர் எழுந்து, அது தீராமல் கடிதம் கிடையாது என்றுவிட்டாள். பஞ்சாயத்து செய்வதென்றால் அவளுக்குப் பசி தெரியாது. நான் என்ன செய்வேன்? அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தோம்.

மற்றபடி கூட்டம் சுறுசுறுப்பாக நடந்தது. பிங்க்னி குடும்பம் உட்பட ஆறு குடும்பங்களுக்குக் கடிதம் கொடுத்தோம். பருத்தியைக் கூன்வண்டு தின்றது. கூன்வண்டுக்குத் தப்பினதைக் குத்தகை தின்றது. ஆட்கள் தின்ன ஒன்றும் மிச்சமில்லாததால் வடக்கே ரயிலேறுகிறார்கள். வயலுக்கு ஆள் குறைந்துவிடுமென்று, காவல் தலைவர் ஷெரீப்பின் ஆட்கள் ரயிலடியில் நின்று, பயணச்சீட்டைக் கிழித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அதனால் எல்லாரும் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிப் போகிறார்கள். பக்கத்து ஊரில் இத்தனை கல்யாணம் எப்போதும் நடந்ததில்லை.

நிலக்காரர் ஹாலிஸ் துரை போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். இத்தனை காலமும் நாம்தான் அவர் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டியிருக்கிறோம். நம் வீட்டுக்குக் கொல்லைக் கதவு கிடையாது. அதனால் பாவம், முன் வாசலிலேயே நிற்கவேண்டியதாயிற்று. என் முழங்காலை விசாரித்தார். எந்தக் கால் என்று தெரியாததால் இரண்டையும் பார்த்துப் பொதுவாக விசாரித்தார்.

“லூஷியஸ், நீ எங்கயும் போயிடலியே?” என்றார்.

“உங்க முன்னாடிதான நிக்கிறேன், துரை” என்றேன்.

அவருக்கு அது போதவில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

சபையில் இப்போது வசதியாகக் கால் நீட்டி உட்காரலாம். சோளச் சாராயம் காய்ச்சியதற்காக நாம் நீக்கிவைத்த ஜூபல் டக்கெட் மட்டும் வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் நின்று பாட்டைக் கேட்கிறான். உள்ளே இருப்பவர்களைவிட நன்றாகவும் பாடுகிறான்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பன்


சிகாகோ
24 ஏப்ரல் 1917

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று டிராமில் கோரா பிங்க்னியைப் பார்த்தேன். கட்டிப்பிடித்து அழுதோம், நடத்துநர் எங்களுக்காக ஒரு நிறுத்தத்தில் காத்திருந்தார். ஏப்ரல் கூட்டத்தில் அவளும் இருந்தாளாம். சகோதரி ஹெஸ்டருக்கு அந்த அறுவடை விருந்து சுத்தமாக ஞாபகமே இல்லையாம். யாரோ ஒருவர் அவள் காதருகே போய்க் குனிந்து ஞாபகப்படுத்தினாராம். கோரா முன் வரிசையில் இருந்ததால் ஆளைப் பார்க்கவில்லை. பின்னால் நடந்து போன சத்தம் மட்டும் கேட்டதாம்.

பூட்ஸ் கிறீச்சிட்டதாம்.

உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

ஒடெசா


பர்டன்ஸ் க்ரீக்
7 மே 1917

அருமை மகளுக்கு,

தைலம் வந்தது. முழங்காலுக்குப் போட்டது போக மீதியைப் பூட்ஸுக்குப் போட்டேன். இப்போது சத்தமில்லை.

மே கூட்டத்தில் உன் கடிதத்தை நானே எடுத்துவிடுவது என்று உறுதியாக இருந்தேன். நீ நம்ப மாட்டாய். என் இடத்தில் நீ இருந்து உன் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். ஆனாலும் நடந்ததைக் கேள்.

போன மாதக் கடைசி ஞாயிறு போதகர் பீஸ்லி, யாரும் வடக்கே போகக் கூடாது என்று பிரசங்கம் செய்தார். எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அழுதார்களே, அந்த வசனம்தான். பூண்டின் மணத்தை அவர் வர்ணித்ததில் எனக்கே எகிப்துக்குப் போகவேண்டும் போலிருந்தது. ஹாலிஸ் துரை பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, போதகருக்குப் புதுக் கோட்டு ஒன்று பரிசளித்தார். வியாழக்கிழமை போதகர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வடக்கே போய்விட்டார். வெள்ளிக்கிழமை மிச்ச சபையும் பின்னாலேயே போனது. மேய்ப்பன் ஆடுகளைத் தேடிப் போனானா, ஆடுகள் மேய்ப்பனைத் தேடிப் போயினவா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்கள் நானும் சகோதரி ஹெஸ்டரும். நான் தலைமை தாங்கினேன். ஹெஸ்டர் அறுவடை விருந்தை மன்னித்து, உன் கடிதத்தை முன்மொழிந்து கை தூக்கினாள். வழிமொழிய ஆளில்லை. பெஞ்சுகளைப் பார்த்தோம். அவை பார்த்தன. ஹெஸ்டர் சொன்னாள்: “நீ எழுதினா அந்தப் புள்ள நம்பாது, லூஷியஸு. நான் வேணா கைநாட்டு வெக்கிறேன்.”

கீழே இருக்கும் மை ரேகை அவளுடையதுதான்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பன்


சிகாகோ
21 மே 1917

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். ரேகையைப் பார்த்தேன். ஹெஸ்டரின் பெருவிரல்தான், சிறு வயதில் என் காதைத் திருகிய விரலை எனக்குத் தெரியாதா?

போதகர் பீஸ்லி இங்கேதான் இருக்கிறார். பழைய மீன்கடை ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சபை நடத்துகிறார். வாசலில் மீன் படத்தை அழிக்கவில்லை. அது ஆதித் திருச்சபையின் அடையாளம் என்கிறார். ஞாயிறன்று அதே பிரசங்கம்தான், ஆனால் இப்போது பூண்டு நாறுகிறது, எகிப்தை விட்டு ஓடிவந்தவன் புத்திசாலி. கோட்டும் அதேதான்.

இங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை, அப்பா. வெள்ளைக்காரத் தொழிற்சங்கத்துக்காரர்கள் எங்களை வா என்கிறார்கள். அவர்களுடைய கூட்டத்தில் எங்கே உட்காருவது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். வென்ட்வொர்த் தெருவைத் தாண்டி வெள்ளைக்காரர்கள் பக்கம் நாங்கள் போவதில்லை. தாண்டினால் கல் விழும். உங்கள் ஊரில் போகாதே என்று பலகையாவது வைப்பார்கள். இங்கே விழுந்த கல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் வாரக் கடைசியில் என் கூலி என் கையில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் நான் ஒதுங்கி நிற்பதில்லை.

இன்னொன்று. இந்தக் கோயிலில் மணப்பெண்ணை அவள் அப்பா கைபிடித்துக் கம்பளத்தில் நடத்திக்கொண்டு போவது வழக்கம். அப்பா இல்லையென்றால் க்ளெமென்ட்டின் மாமா நடப்பார். அவர் பல் வைத்தியர். நல்லவர். அவர் கை எப்போதும் கிராம்பு வாசனை அடிக்கும்.

உங்களை வரச்சொல்லி நான் கேட்கவில்லை. கழுதை தனியாக இருக்கும்.

உங்கள் மகள்,
ஒடெசா


பர்டன்ஸ் க்ரீக்
4 ஜூன் 1917

அருமை மகளுக்கு,

சுகம். சுகம்தானே? கல் விழும் தெருவுக்குப் போகாதே.

உன் கடிதம் நிறைவேறியது. மூன்றாவது கை எங்கிருந்து வந்தது என்று கேள். ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது. சனிக்கிழமை நானும் ஹெஸ்டரும் வெறும் பெஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தபோது ஜூபல் வெளியே நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தான். ஹெஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் விதிகளைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன்: போகிறவரை அனுப்ப மூன்று கை வேண்டும், திரும்பி வருகிறவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு டீக்கனின் கை போதும். இந்த விதியை எழுதியவருக்கு மனுஷர்களைத் தெரிந்திருக்கிறது.

ஜூபலை உள்ளே கூப்பிட்டு, பாவத்தை அறிக்கையிடச் சொன்னோம். ரொம்ப நாள் காத்திருந்தவன் போலிருக்கிறது. எந்தச் சோளம், எத்தனை நாள் ஊறல், எந்த விறகு என்று ஆரம்பித்தான். கடைசியில் ஹெஸ்டர், “போதும்டா, கேக்கக் கேக்க எனக்கே தலை சுத்துது” என்றாள். அவனுக்குக் கை கொடுத்துச் சேர்த்துக்கொண்டேன்.

ஹெஸ்டர் முன்மொழிந்து கை தூக்கினாள். ஜூபல் வழிமொழிந்து கை தூக்கினான். மூன்றாவது கை என்னுடையது. முழங்கால் வலி கைக்கும் ஏறும் என்று அன்றுதான் தெரிந்தது.

“தூக்கு லூஷியஸு, ஜூபலுக்குத் தோள் கடுக்குது” என்றாள் ஹெஸ்டர்.

தூக்கினேன்.

உன் சபைக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். தபாலில் போடவில்லை. இங்கே தபால் நிலையத்தில் வடக்கே போகும் உறைகளையெல்லாம் தடவிப் பார்க்கிறார்கள். ஆகையால் வேறொன்றும் எழுதவில்லை. உன் கட்டிலிலிருந்து காராமணி மூட்டையை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

பல் வைத்தியருக்கு என் வந்தனம். அவருக்கு வேறு வேலை இருக்கும்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பன்


கெய்ரோ ரயில் நிலையம், இல்லினாய்
19 ஜூன் 1917

மகளே,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிட்டால் உன் வாசலில் நிற்பேன். கடிதம் வந்ததும் படித்துவிட்டுக் கதவைத் திற.

உன் கடிதம் முடிந்த கையோடு, ஹெஸ்டர் தனக்கும் ஒன்று கேட்டாள். ஜூபலும் கேட்டான். கேட்கிறவர் கை தூக்கக் கூடாதே. ஒருவருக்கு எழுதலாமென்றால் இரண்டு கைதான் மிச்சம். யாருக்கும் விடுதலை இல்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஹெஸ்டர் சொன்னாள்: “ஆளு சபைய விட்டுப் போனாத்தான கடிதம்? சபையே கெளம்பிட்டா யாருக்கு யாரு கடிதம் குடுக்கணும்?”

கிளம்பிவிட்டோம். மணி கனம், விட்டுவிட்டோம். வாசலில் இருந்த ‘சின்ன சாரோன்’ பலகையைக் கழற்றிப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டோம். மூவரும் கறுப்பு உடுத்து, மெம்பிஸில் சாவுக்குப் போவதாகச் சொன்னோம். ரயிலடியில் ஷெரீப்பின் ஆள் பலகையைத் தட்டிப் பார்த்து, இதென்ன என்றான்.

“செத்துப்போனவங்க பேரு எழுதின பலகைங்க, கல்லறைக்கு” என்றாள் ஹெஸ்டர்.

சொல்லிவிட்டு ஒப்பாரி வைத்தாள் பார், அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். பலகையை ஏற்ற ஒரு கை கொடுத்தான். ஜூபல் நிஜமாகவே அழுதான். ஊறல் பானையை விட்டுவிட்டு வந்திருந்தான்.

வடக்குக்கு எல்லையான ஆற்றைத் தாண்டியதும் நம் நிறத்தாரைத் தனியே அடைத்திருந்த பெட்டியிலிருந்து எழுப்பி, இனி எந்தப் பெட்டியிலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார்கள். ரயில் முழுக்க நடந்து ஒவ்வொரு இருக்கையாக உட்கார்ந்து பார்த்தேன். பிறகு பழைய இடத்துக்கே வந்தேன். சோள ரொட்டி அங்கேதான் இருந்தது.

அப்பன்


சிகாகோ
29 ஜூன் 1917

அருமை மகள் ஒடெசாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

இருவரும் சுகம் என்று நம்புகிறேன். மூன்று டிராம் நிறுத்தத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்காதே. மாப்பிள்ளைக்கு வேலை இருக்க வேண்டாமா?

நீங்கள் இருவரும் விருந்துக்கு நிற்காமல் வண்டியேறிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். கம்பளத்தில் உன் கைபிடித்து நடத்திக்கொண்டு வந்து விட்டபின், கல்யாண ஜெபத்தின்போது நான் “ஆமென்” என்றதும், அந்த வெள்ளைக் கையுறைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தாரே, ஞாபகமிருக்கும். விருந்திலும் அவர் என் பின்னாலேயே தம்ளரோடு நின்றார். சாப்பாட்டு ஜெபத்தை என்னைச் செய்யச் சொன்னார்கள். கொஞ்சம் நீளம்தான். சூப் ஆறிவிட்டது. நடுவே யாரோ அடித்தொண்டையில் மெல்ல இராகம் இழுக்கிற சத்தம் கேட்டது, நம் ஊரில் பெரிய பஞ்சத்து வருஷங்களில் இழுப்பார்களே, அது. ஹெஸ்டர்தான் என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். ஹெஸ்டர் திறந்த கண்ணோடு உன் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இராகம் சிகாகோவில் கற்றது இல்லை. எங்கே கற்றார் என்று நான் கேட்கவில்லை. கையுறைக்காரர் இந்தத் தடவை யாருக்குத் தண்ணீர் கொடுப்பது என்று தெரியாமல் தானே குடித்துவிட்டார்.

பலகையை ஹெஸ்டருடைய மருமகன் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம். பிங்க்னி குடும்பம் எட்டிப் பார்த்தது. கம்பளக் கோயிலில் கால் கூசுகிறது, மீன்கடையில் மூக்கு கூசுகிறது என்றார்கள். கை கொடுத்துச் சேர்த்துக்கொண்டேன். ஜூபலுக்கு உடனே வேலை கிடைத்தது. என்ன தெரியும் என்று மேஸ்திரி கேட்டாராம், காய்ச்சத் தெரியும் என்றானாம். கொழுப்புக் கொப்பரையில் நிறுத்திவிட்டார்கள். என்னைத்தான் தினமும் முழங்காலைப் பார்த்துவிட்டு நாளைக்கு வா என்கிறார்கள்.

உன் கடிதத்தை அந்தக் கோயில் ஏற்றுக்கொண்டதாக இப்போதுதான் எழுத்தில் தகவல் வந்தது. எழுத்தர் என்ற முறையில் நேற்று உன் பெயரைச் சபையிலிருந்து எடுத்தேன். அங்கேயே நன்றாக இரு. சத்தம் போடாமல் ஆமென் சொல்லப் பழகு.

விதி மட்டும் ஞாபகமிருக்கட்டும், மகளே. திரும்பி வர ஒரு கை போதும். வேலை கிடைக்கிறவரைக்கும் என் கை சும்மாதான் இருக்கிறது.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பன்